அதே மணல், அதே காத்து: கோடியக்காட்டில் ஒரு நடை

கஜா புயல் அடித்து ஓராண்டு கழிந்திருந்தது. எங்கள் வீட்டுத் திண்ணையில் ஒருவர் முன்பணத்தோடு வந்து உட்கார்ந்திருந்தார். வேதாரண்யத்துக்கு வடக்கே, கடலிலிருந்து இரண்டு கிலோமீட்டர் உள்ளே இருக்கும் என் ஒன்பது மா நிலத்தை, அதாவது மூன்று ஏக்கரை, எறால் குட்டைக்குக் குத்தகைக்குக் கேட்டார். "இனிமே இந்த மணல்ல என்னத்த வெளைய வைக்கப் போறீங்க?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. 2018 நவம்பர் 16 அதிகாலையில் என் தென்னையும் மாவும் மொத்தமாகச் சாய்ந்திருந்தன. காற்றைத் தடுக்கும் என்று நம்பி ஓரமாக நட்டிருந்த ஒற்றை வரிசைச் சவுக்கு, வேரோடு பிடுங்கி முல்லைத் தோட்டத்தின் மேலேயே விழுந்து கிடந்தது. மிச்சமிருந்த ஆழ்துளைக் கிணற்றில் தண்ணீர் உப்பேறிப் போயிருந்தது.

"ரெண்டு நாள்ல சொல்றேன்" என்று அனுப்பிவிட்டேன். அந்த இரண்டு நாளில் ஒரு நாள்தான் கோடியக்காட்டுக்கு நடக்கப் போனேன்.

போகச் சொன்னது என் மனைவியின் சித்தப்பா. வனத்துறையில் தினக்கூலியாகப் பல வருஷம் காட்டுக்குள் நடந்தவர். "முடிவு எடுக்குறதுக்கு முன்னாடி ஒருநாள் காட்டப் பாத்துட்டுப் போங்க மாப்ள. நான் கூட வர்றேன்" என்றார். பக்கத்திலேயே பிறந்து வளர்ந்தும், சின்ன வயதில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு வேனில் ஒருமுறை போனதோடு சரி. நடந்து பார்த்ததே இல்லை.

வேதாரண்யத்திலிருந்து தெற்கே போகும் சாலையில் முதலில் வருவது அகஸ்தியம்பள்ளி. 1930-ல் ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்து வந்து ஏப்ரல் 30-ந் தேதி உப்பு அள்ளிய இடம். நினைவுத்தூண் இருக்கிறது. ஒரு பக்கம் கண்ணுக்கெட்டிய தூரம் உப்பளம். அதைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் திடீரென்று பச்சை. புதிதாகப் பார்ப்பவர்களுக்கு அதுதான் முதல் ஆச்சரியம். உப்பு விளைகிற ஊரில் இவ்வளவு அடர்த்தியாகக் காடு எப்படி நிற்கிறது?

கோடியக்கரை வனஉயிரினச் சரணாலயம் 1967-ல் வெளிமானைக் காப்பதற்காக அறிவிக்கப்பட்டது. 2002-ல் இந்தக் காடும், அதை ஒட்டிய வேதாரண்யம் சதுப்பு நிலமும், முத்துப்பேட்டை அலையாத்திக் காடும் சேர்ந்து ராம்சார் ஈரநிலப் பட்டியலில் இடம்பெற்றன. இங்கே இருப்பது உலர் பசுமைமாறாக் காடு. சோழமண்டலக் கரை நெடுகப் பரவியிருந்த காட்டு வகை இது. இன்று பெரும்பாலும் கோயில் காடுகளாகத் துண்டு துண்டாகத்தான் மிஞ்சியிருக்கிறது. கொஞ்சம் பெரிய பரப்பில் பார்க்க வேண்டுமென்றால் கோடியக்காட்டுக்குத்தான் வர வேண்டும்.

நுழைவாயிலில் சீட்டு வாங்கிக்கொண்டு காலை ஆறரைக்கெல்லாம் நடக்கத் தொடங்கினோம். முந்தின இரவு மழை பெய்திருந்தது. இரண்டு பக்கமும் பாலை மரங்கள். உலக்கை செய்ய உதவிய மரம் என்பதால் உலக்கைப்பாலை என்பார்கள். இரும்பு மாதிரி வைரம். கோடையில் இதன் மஞ்சள் பழம் எங்கள் ஊர்ச் சந்தைக்கு வரும். தின்றால் உதட்டில் பால் ஒட்டும். பாலைக்குக் கீழே காயா, அதற்குக் கீழே களா, காரை, சங்கஞ்செடி. எல்லாவற்றையும் பின்னிக்கொண்டு கொடிகள். ஒரு மரமாவது தனியாக நிற்கட்டுமே என்று தேடிப் பார்த்தேன். இல்லை.

மாமா பாதையோரம் குந்தி உட்கார்ந்து கையால் சருகை விலக்கினார். மேலே காய்ந்த இலை. அதற்கடியில் பாதி மக்கிய இலை. அதற்கும் அடியில் கறுப்பாக, ஈரமாக, விரலில் ஒட்டுகிற மண். நான்கு விரல் ஆழம் தோண்டியதும் என் வயலில் இருக்கிற அதே வெள்ளை மணல்.

"பாத்தீங்களா? மண்ணு உங்க மண்ணுதான். காத்தும் அதே காத்துதான். இதுக்கு யாரு தண்ணி பாய்ச்சுனா, யாரு உரம் வச்சா?"

"கஜா இங்கயும் அடிச்சுச்சே மாமா?"

"அடிக்காம? மறுநாள் வந்து பாத்தா காடே மொட்டையா கெடந்துச்சு. ஒத்த இலை இல்ல. உப்புக் காத்துல கருகிப்போச்சு. பெரிய மரம் எத்தனையோ சாஞ்சுச்சு, மான் செத்துக் கெடந்துச்சு. நான் அழுதுட்டேன். ஆனா யாரும் ஒண்ணும் செய்யல மாப்ள. முறிஞ்ச எடத்துலயே துளுத்துச்சு. விழுந்த மரத்த அப்படியே விட்டதுல, அது மக்கி அடுத்த கன்னுக்கு எருவாச்சு."

எனக்குச் சுருக்கென்றது. சாய்ந்த மரங்களையெல்லாம் நான் வந்த விலைக்கு விறகு வண்டியில் ஏற்றினேன். மட்டையையும் சருகையும் கூட்டிக் கொளுத்தினேன். "சுத்தமாக" இருந்த அந்த மணலில்தான் அடுத்த வெயிலுக்கு ஒரு புல்கூட முளைக்கவில்லை.

ராமர் பாதத்துக்கு ஏறினோம். காட்டிலேயே உயரமான இடம் அதுதான் என்பார்கள். உயரம் என்றால் மலை இல்லை, ஒரு மணல்மேடு. மேலே நின்று பார்த்தால் காட்டின் தலை தெரியும். கடலை ஒட்டிய பக்கம் செடிகள் தாழ்ந்து, காற்று சீவிவிட்டது போல இருந்தன. உள்ளே வர வர உயரம் கூடியது. நம் வீட்டுக் கூரைச் சரிவு மாதிரி. காற்று முட்டி நிற்கவில்லை. ஏறி மேலே போகிறது. கொஞ்சம் இலைகளுக்குள் புகுந்து வேகம் குறைகிறது. சுவர் மாதிரி அடைத்துவிட்டால் காற்று அதைத் தாண்டிச் சுழன்று அடிக்கும். சல்லடை மாதிரி இருந்தால்தான் தணியும். நான் நட்ட சவுக்கு ஒரே உயரம், ஒரே வயது, ஒரே வரிசை. அடியில் வெறும் கம்பம், மேலே மட்டும் இலை. அது விழாமல் என்ன செய்யும்?

காட்டைத் தாண்டினால் புல்வெளி. முறுக்குக் கொம்போடு கறுத்த கடா ஒன்றும், பழுப்பு நிறப் பெட்டைகள் ஏழெட்டும் நின்றன. வெளிமான் என்ற பெயரே காரணப் பெயர். எதிரியைத் தூரத்திலேயே பார்த்து ஓடித் தப்பும் விலங்கு அது. அதற்கு வெட்டவெளி வேண்டும். அந்த வெளியைத்தான் சீமைக்கருவேல் பிடித்துக்கொண்டு வருகிறது. காட்டில் திரியும் குதிரைகளும், மேயப் போகும் மாடுகளும் அதன் நெற்றைத் தின்று, சாணியோடு விதையைப் போட்டுவிட்டு வருகின்றன. வனத்துறை வெட்டுகிறது, அது மறுபடி முளைக்கிறது. என் வேலியிலும் சீமைக்கருவேல்தான் நின்றது. என் மாடும் அதைத் தின்றுதான் வளர்ந்தது. அன்று மானைப் பார்த்தபோது அது நினைவுக்கு வந்தது.

அதற்கப்பால் சேறும் தண்ணீரும். ஐப்பசியிலிருந்து தை, மாசி வரை வலசைப் பறவைகள் வரும் காலம். வடதுருவத்தை ஒட்டிய நாடுகளிலிருந்து வந்த உள்ளான்கள், கைப்பிடி அளவுதான், கூட்டமாக ஓடி ஓடிச் சேற்றைக் கொத்தின. தூரத்தில் பூநாரைகள் வெள்ளைக் கோடாகத் தெரிந்தன.

திரும்பும் வழியில் காட்டோரக் குட்டை ஒன்றில் மாமா ஒரு கை தண்ணீர் அள்ளிக் குடித்தார். என்னையும் குடிக்கச் சொன்னார். இனிப்பு. கூப்பிடு தூரத்தில் கடல்!

இதன் காரணத்தை நாம் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். உப்பு நீர் நன்னீரைவிடக் கனமானது. மணலில் இறங்கும் மழைநீர், அடியில் இருக்கும் உப்பு நீருக்கு மேலே மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே நன்னீர் ஓரடி நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடிவரை நன்னீர் இருக்கும் என்பது நீரியல் கணக்கு. இதையே திருப்பிப் பாருங்கள். மேலே ஓரடி இறங்கும்படி மோட்டார் போட்டு இறைத்தால், அடியிலிருந்து உப்பு 40 அடி மேலே ஏறி வரும். நம் முன்னோர் மணலில் அகலமாகக் குட்டை வெட்டி, மேல் தண்ணீரை மட்டும் குடத்தில் மொண்டு ஊற்றினார்கள். நான் ஆழ்துளை போட்டு அடியிலிருந்து உறிஞ்சினேன். நாலாவது வருஷம் உப்பு வந்தது. புயலின் மேல் பழி போட்டேன். புயலுக்கு முன்பே அது ஆரம்பித்துவிட்டது.

அன்றிரவு வீட்டில் பேசினோம். எறால் குட்டைக்கு விட்டால் கை நிறையப் பணம் வரும், உண்மைதான். ஆனால் மணலில் உப்புத் தண்ணீர் கட்டினால் அது என் வரப்போடு நிற்காது. கீழே இருக்கும் நன்னீர் எல்லோருக்கும் பொது. பக்கத்து நிலத்துக்காரரின் முல்லையும் கருகும். முன்பணத்தோடு வந்தவரிடம் முடியாது என்று சொல்லிவிட்டேன். அதற்கு அப்புறம் என்ன செய்யப் போகிறோம் என்று அப்போது தெரியாது.

2020 மழைக்கு வேலையைத் தொடங்கினேன். கிழக்கு எல்லை முழுக்க 12 அடி அகலம் ஒதுக்கினேன். "பன்னெண்டு அடியச் சும்மா போடுறீங்களா? அதுல நாலு பாத்தி கடலை போடலாமே" என்று மனைவி சண்டை போட்டார். நியாயமான கேள்விதான். இரண்டு வருஷம் அதற்கு என்னிடம் பதில் இல்லை.

கடல் பக்கம் முதல் வரிசை தாழை. அடுத்தது கிளுவைப் போத்தும் பூவரசம் போத்தும். மூன்றாவது புன்னை, புங்கை. இடைவெளியில் ஆடு கடிக்காத நொச்சியும் ஆடாதோடையும். உள்பக்கம் நாவல், கொய்யா, சீத்தா. வயலில் விழும் சருகும் மட்டையும் ஒன்றுகூட நெருப்புக்குப் போகக்கூடாது, எல்லாம் மூடாக்கு. ஆழ்துளைக் கிணற்று மோட்டாரைக் கழற்றி வைத்துவிட்டுப் பழைய குட்டையைத் தூர்வாரினேன். மழைக்கு முன் தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கும்போது மடக்கி விட்டேன். சுனாமிக்குப் பிறகு நம்மாழ்வார் ஐயா நாகை மாவட்டத்தில் சுற்றியபோது உவர் ஏறிய வயல்களுக்குச் சொன்ன வழி அது.

முதல் வருஷம் பாதி தோல்வி. பாலை விதை ஊன்றியதில் முளைத்தது சொற்பம். முளைத்ததும் விரல் நீளத்துக்கு மேல் வளரவில்லை. பாலை பொறுமையாக வளரும் மரம், அவசரக்காரனுக்கு ஆகாது. ஆடு புகுந்து புங்கையை மொட்டையடித்தது. சீமைக்கருவேலை ஒரே வீச்சில் வெட்டியது அடுத்த தப்பு. மாற்று வேலி எழும்புவதற்கு முன் வெட்டியதால் வயல் திறந்து கிடந்தது. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் எடுத்திருக்க வேண்டும்.

இப்போது வேலி ஐந்து மழை கண்டுவிட்டது. பூவரசு ஆளுயரம் தாண்டி நிற்கிறது. கோடைக் காற்றில் முல்லையின் நுனி கருகுவது குறைந்திருக்கிறது. குட்டைத் தண்ணீர் சித்திரை வரை இனிக்கிறது. நான் நடாத வேம்பு நாலு, நாவல் ஒன்று வேலிக்குள் முளைத்திருக்கின்றன. சின்னான் குருவிகள் போட்ட விதை. ஆனால் புயலுக்கு முன் மாவும் தென்னையும் தந்த வருமானம் இன்னும் திரும்பவில்லை. கடனும் முழுக்க அடையவில்லை. அடுத்த புயல் வந்தால் இந்த வேலி தாங்குமா என்பது அது வரும்போதுதான் தெரியும். போன தை மாதம் மனைவி வேலியோரத்துக் கொய்யாவை விற்று வந்த பணத்தை எண்ணிவிட்டு, "சரி, இருக்கட்டும்" என்றார். அதற்கு மேல் எனக்குச் சான்றிதழ் வேண்டாம்.

நடக்கப் போகும் உழவர்களுக்குச் சில சொற்கள்:

• வனத்துறை அனுமதியோடு, வழி தெரிந்தவரோடு மட்டும் போங்கள். விடியற்காலை நல்லது. பறவைக்கு ஐப்பசி முதல் தை வரை.

• சரணாலயத்திலிருந்து ஒரு விதையோ கன்றோ எடுக்கக்கூடாது, அது குற்றம். விதைக்கு உங்கள் ஊர்க் குளக்கரையையும் சாலையோரத்தையும் தேடுங்கள்.

• மானை மட்டும் தேடாதீர்கள். கீழே பாருங்கள். சருகு எத்தனை விரல் கனம், எந்தச் செடி எதன் நிழலில் நிற்கிறது, கடல் பக்கம் எது, உள்பக்கம் எது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

• நெகிழிப் பை, பாட்டில் கொண்டு போனால் அப்படியே திருப்பிக் கொண்டு வாருங்கள்.

• கோடியக்கரை தூரமென்றால், மரக்காணத்துக்கும் புதுச்சேரிக்கும் இடையே கீழ்புத்துப்பட்டு ஐயனார் கோயில் காடு இதே வகைதான். களிமண் கழிமுகத்து ஆட்கள் பிச்சாவரத்துக்கும் முத்துப்பேட்டைக்கும் படகில் போய்ப் பாருங்கள். தில்லை என்று சிதம்பரத்துக்குப் பெயர் தந்த மரம் பிச்சாவரத்தில் நிற்கிறது. சென்னையில் இருப்பவர்களுக்கு அடையாறு முகத்துவாரத்தில் தொல்காப்பியப் பூங்கா இருக்கிறது. குப்பை கொட்டிக் கெட்டுப்போன கழியை மீட்டெடுத்த இடம். கெட்ட நிலம் திரும்புமா என்று சந்தேகப்படுபவர்கள் அங்கே ஒருமுறை நடக்கலாம்.

மாமாவுக்கு இப்போது முழங்கால் வலி, காட்டுக்குப் போவதில்லை. சாயங்காலம் என் வேலியோரம் நாற்காலி போட்டு உட்காருவார். போன வாரம் சருகை விலக்கிப் பார்த்துவிட்டு, "ஒரு விரக்கடை கறுத்திருக்கு மாப்ள. இன்னும் மூணு விரக்கடை" என்றார்.