குண்டு மழையில் ஒரு மணி நேர அமைதி

போர் என்றதும் நம் கண்முன் தோன்றுபவை பீரங்கிகளும் விமானங்களும் இடிந்த வீடுகளுமே. அந்த இடிபாடுகளுக்கு நடுவிலும் மக்கள் சமைத்தார்கள், பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள், இசை கேட்டார்கள் என்பதை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். கொந்தளிப்பின் நடுவே மனிதர் அமைதியை எவ்வாறு காத்துக்கொண்டனர் என்பதற்கு, இரண்டாம் உலகப் போர்க்கால லண்டன் மாநகரம் தரும் சான்று ஒன்றை இங்கே காண்போம்.

1939 செப்டம்பர் 3ஆம் நாள் பிரிட்டன் ஜெர்மனிமீது போர் அறிவித்தது. விமானத் தாக்குதலுக்கு அஞ்சி, மக்கள் கூடும் நாடக அரங்குகளும் திரையரங்குகளும் இசை அரங்குகளும் மூடப்பட்டன. இரவில் நகரம் இருளில் மூழ்கியது. டிரஃபால்கர் சதுக்கத்திலுள்ள தேசிய ஓவியக்கூடத்தின் விலைமதிப்பற்ற ஓவியங்கள் பாதுகாப்புக்காக வேல்ஸ் பகுதிக்கு அனுப்பப்பட்டன. வெறும் சுவர்களே எஞ்சின.

அந்த வெறுமையான கூடத்தில் இசை நிகழ்ச்சி நடத்தலாமே என்று எண்ணினார் மைரா ஹெஸ் என்ற புகழ்பெற்ற பியானோ கலைஞர். அவர் எப்போதாவது ஒரு நிகழ்ச்சி நடத்த அனுமதி கேட்டார். கூடத்தின் இயக்குநர் கென்னத் கிளார்க்கோ, நாள்தோறும் நடத்தலாமே என்றார்! 1939 அக்டோபர் 10ஆம் நாள் நண்பகலில் முதல் நிகழ்ச்சி நடந்தது. ஒரு சிலரே வருவார்கள் என்று எண்ணியிருந்த இடத்தில் ஏறத்தாழ ஆயிரம் பேர் திரண்டனர். நுழைவுக் கட்டணம் ஒரு ஷில்லிங் மட்டுமே. திங்கள் முதல் வெள்ளி வரை, மதிய உணவு வேளையில், அலுவலகப் பெண்களும் படைவீரர்களும் அருகருகே அமர்ந்து இசை கேட்டனர்.

1940 செப்டம்பரில் லண்டன்மீது குண்டு மழை தொடங்கியது. தொடர்ந்து 57 இரவுகள் தாக்குதல் நடந்தது. நிகழ்ச்சிகள் நிலவறைக்கு மாற்றப்பட்டனவேயன்றி நிறுத்தப்படவில்லை. ஒருமுறை கட்டடத்துக்குள் வெடிக்காத குண்டு ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. அன்றைய நிகழ்ச்சியைத் தொலைவிலிருந்த அறையில் நடத்தினர். இசை ஒலித்துக்கொண்டிருக்கும்போதே குண்டு வெடித்தது. ஆயினும் கலைஞர்கள் வாசிப்பை நிறுத்தவில்லை.

அங்கு ஒலித்தது யாருடைய இசை? பாக், பீத்தோவன், பிராம்ஸ் முதலிய ஜெர்மானிய மேதைகளின் இசையும் அங்கே தவறாது இடம்பெற்றது. குண்டு வீசியது எந்த நாடோ, அந்த நாடு பெற்றெடுத்த இசையையே லண்டன் மக்கள் செவிமடுத்தனர். ஆட்சியாளர் செய்யும் கொடுமை வேறு, ஒரு மக்களினம் உலகுக்கு அளித்த செல்வம் வேறு என்று அவர்கள் பிரித்துணர்ந்தனர். பகைமை உள்ளத்தை முழுவதுமாக ஆட்கொள்ள விடாததும் ஒருவகை அமைதியன்றோ?

1942 முதல் மாதம் ஓர் ஓவியம் கூடத்துக்குத் திரும்பக் கொண்டுவரப்பட்டது. அவ்வாறு வந்தவற்றுள் ஒன்று, உயிர்த்த ஆண்டவரை மகதலா மரியா தோட்டத்தில் காணும் காட்சியைத் தீட்டிய டிஷியனின் ஓவியம். கல்லறையருகே அழுது நின்றவள் நம்பிக்கை பெற்ற அந்தக் காட்சி, உற்றாரைப் போரில் இழந்தவர்களின் உள்ளத்தில் என்னென்ன எண்ணங்களை எழுப்பியிருக்கும்!

1946 ஏப்ரல் 10ஆம் நாள் இந்நிகழ்ச்சிகள் நிறைவடைந்தன. மொத்தம் 1,698 நிகழ்ச்சிகள் நடந்தன. கேட்டவர்கள் 8,24,152 பேர்.

இசை ஒரு குண்டையும் தடுக்கவில்லை. கேட்டு முடித்தவர்கள் அதே இடிந்த தெருக்களின் வழியேதான் வேலைக்குத் திரும்பினர். எனினும், மறுநாள் ஒரு மணிக்குக் கதவு திறக்கும் என்ற உறுதி அவர்களுக்கு இருந்தது. அமைதி தானாக வந்து சேரவில்லை. ஒருவர் கேட்டார், ஒருவர் இடம் தந்தார், பலர் நாள் தவறாமல் உழைத்தனர்.

நம் இல்லங்களிலும் நோய், இழப்பு, சச்சரவு என்று கலங்கும் காலம் வருவதுண்டு. அப்போது எல்லாம் அடங்கட்டும் என்று காத்திராமல், பிறர் சற்றே இளைப்பாற ஒரு கதவைத் திறந்துவைக்க நாமும் கற்றுக்கொள்வோமாக!