நக்கும் நாயும் ஆறாத புண்ணும்

நன்றிக்கு எடுத்துக்காட்டாக நாயைக் கூறுவது நம் மரபு. பழைய தோட்டத்து லயன் வீடுகளிலும் சரி, தெப்ராவில் பின்னாளில் எழுந்த வீடமைப்புப் பகுதிகளிலும் சரி, இரவெல்லாம் விழித்திருந்து வீட்டைக் காப்பது அதுவே. அத்தகைய நாய் தன் முன்காலின் ஓரிடத்தையே விடாமல் நக்கிக் கொண்டிருப்பதை நம்மில் பலர் கண்டிருப்போம். முதலில் அங்கே மயிர் உதிரும். பின்னர் தோல் சிவக்கும். நாளடைவில் அவ்விடம் தடித்து, நீர் கசியும் புண்ணாக மாறும். “நாய் நக்கினால் புண் தானே ஆறிவிடும்” என்று பெரியவர்கள் சிலர் கூறுவதுண்டு. அக்கூற்று எவ்வளவு உண்மை? நம் முற்றத்து மூலிகைகள் இதற்கு எவ்வளவு உதவும்? இவற்றை நாம் இங்கே காண்போம்.

நாயின் உமிழ்நீருக்குச் சில நுண்கிருமிகளை அழிக்கும் ஆற்றல் சிறிதளவு உண்டு. ஆகவே, பெரியவர்களின் கூற்றை முற்றும் பொய் எனத் தள்ள இயலாது. ஆயினும், அதன் நாக்கு சொரசொரப்பானது; வாயிலோ வேறு கிருமிகள் பல உண்டு. ஓயாமல் ஈரம் பட்ட தோல் ஊறி மென்மையாகிக் கிழிகிறது. கிழிந்த இடத்தில் கிருமிகள் புகுகின்றன. புண் அரிக்கிறது; அரிப்பு மீண்டும் நக்கத் தூண்டுகிறது; நக்க நக்கப் புண் பெரிதாகிறது. செக்குமாடு சுற்றுவது போன்ற இச்சுழற்சியை அறுத்தாலன்றி எம்மருந்தும் பயன் தராது.

நாய் ஏன் நக்குகிறது?

முதற்காரணம் தெள்ளுப்பூச்சி, உண்ணி, சொறிப்பூச்சி ஆகியவையாம். தெள்ளுப்பூச்சி கடிக்கும்போது அதன் உமிழ்நீர் நாயின் தோலில் கலக்கிறது. அது ஒவ்வாத நாய்க்குச் சில கடிகளே பெரும் அரிப்பை உண்டாக்கப் போதுமானவை. ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் நம் ஜொகூரில் குளிர்காலம் என்பதே இல்லை. ஆதலால் இப்பூச்சிகள் ஆண்டு முழுவதும் பெருகுகின்றன. முட்டை, புழு, கூட்டுப்புழு, பூச்சி என்னும் நான்கு பருவங்களில் முதல் மூன்றும் பெரும்பாலும் நாயின் படுக்கையிலும் தரை இடுக்கிலுமே கழிகின்றன. எனவே, நாயை மட்டும் குளிப்பாட்டிவிட்டுப் பழைய சாக்குப் படுக்கையை அப்படியே விடுவது வீண் உழைப்பாகும்.

உணவு ஒவ்வாமை, ஈரத்தால் வரும் பூஞ்சை நோய், மூட்டு வலி, காலில் தைத்த முள் ஆகியவையும் காரணங்களாகலாம். இவை ஒன்றுமின்றியும் சில நாய்கள் நக்குகின்றன. பகலெல்லாம் குறுகிய சங்கிலியில் கட்டுண்டு, ஓடவும் விளையாடவும் வழியின்றிக் கிடக்கும் நாய், தன் சலிப்பையும் கலக்கத்தையும் நக்கித் தீர்த்துக் கொள்கிறது. புண் காலில் இருக்கிறது. நோயோ மனத்தில் இருக்கிறது.

முற்றத்து மூலிகைகள்

மலாய் மொழியில் ‘செமாம்பு’ எனப்படும் வேம்பை நம் கோயில்களின் அருகே காண்கிறோம். 1942ஆம் ஆண்டில் சலீமுஸ்ஸமான் சித்திக்கி என்னும் அறிவியலறிஞர் வேப்பெண்ணெயிலிருந்து ‘நிம்பின்’ முதலிய கசப்புப் பொருள்களைப் பிரித்தெடுத்துக் காட்டினார். இரு கைப்பிடி வேப்பிலையை இரண்டு லிட்டர் நீரில் கொதிக்க வைத்து, நன்கு ஆறியபின் வடிகட்டி, அந்நீரால் புண்ணைச் சுற்றிக் கழுவலாம். வேப்பிலை கிடைக்காவிடில், கொதித்தாறிய அரை லிட்டர் நீரில் ஒரு சிறுகரண்டி உப்பைக் கரைத்துக் கழுவலாம். பின்னர்த் தூய துணியால் ஒற்றி ஈரத்தைப் போக்குதல் வேண்டும். தூய மஞ்சள் தூளைத் தேங்காய் எண்ணெயில் குழைத்து மேற்புண்ணின் மீது மெல்லியதாகத் தடவுவதும் நம்மவர் வழக்கம். மஞ்சளில் உள்ள ‘குர்க்குமின்’ வீக்கத்தைத் தணிக்க உதவும் பொருளாகும்.

குப்பைமேனியும் புண்ணுக்குரிய பழைய மூலிகையே. அதன் வேரைக் கண்டால் பூனை துள்ளிக் குதிப்பதால் மலாய்க்காரர் அதனைக் ‘கூச்சிங் காலாக்’ என்பர். தமிழ்நாட்டில் 1989இல் நிறுவப்பட்ட கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த புண்ணியமூர்த்தி, மாடுகளுக்கான மரபு மூலிகை மருத்துவத்தை ஆராய்ந்து பரப்பியவர். இந்தியாவின் தேசியப் பால்வள வாரியமும் மாட்டுப் புண்ணுக்குக் குப்பைமேனி, வேப்பிலை, துளசி, மருதாணி, மஞ்சள், பூண்டு ஆகியவற்றை எண்ணெயில் காய்ச்சிப் பூசும் முறையை எடுத்துரைக்கிறது.

இங்கேதான் நாம் கருத்தூன்ற வேண்டும். மாட்டுக்கு நன்மை செய்வது நாய்க்கும் நன்மை செய்யும் என்று எண்ணுதல் தவறு. பூண்டும் வெங்காயமும் நாயின் குருதியணுக்களைச் சிதைக்கும் தன்மையுடையவை. நாய்க்குப் பூசும் மருந்து எதுவாயினும் அது சற்று நேரத்தில் நாயின் வயிற்றுக்கே போய்ச் சேரும்! ஆதலின், “இதைப் பூசலாமா?” என்று கேட்பதற்கு முன் “இதை நாய் விழுங்கலாமா?” என்று கேட்டல் வேண்டும். கற்பூரம், மண்ணெண்ணெய், வண்டியில் வடித்த கறுப்பெண்ணெய், சுண்ணாம்பு ஆகியவற்றை ஒருபோதும் பூசலாகாது. கற்றாழையின் மஞ்சள் நிறப் பால் வயிற்றுப்போக்கை உண்டாக்கும். மனிதருக்குரிய வலி மாத்திரையும் நாய்க்கு நஞ்சாகலாம். குட்டிகளுக்கும் சினை நாய்களுக்கும் மருத்துவரைக் கேளாமல் வேப்பெண்ணெய் பூசுதல் கூடாது.

செய்ய வேண்டுவன

நாக்கு புண்ணை எட்டாதபடி கழுத்தில் பிளாஸ்டிக் கூம்பு ஒன்றை அணிவிக்கலாம். அதனுடன் நாய் உண்ணவும் நீர் அருந்தவும் இயல்கிறதா எனக் கவனித்தல் வேண்டும். புண்ணை இறுகக் கட்டிக் காற்றோட்டத்தைத் தடுத்தல் கூடாது. படுக்கையை வெந்நீரில் துவைத்து வெயிலில் உலர்த்துவோம். காலையும் மாலையும் நாயை நடத்திச் செல்வோம். மலேசியாவின் 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டமும் வளர்ப்புப் பிராணியின் தேவைகளை நிறைவு செய்தல் உரிமையாளரின் கடமை என்கிறது.

வலியால் துன்புறும் நாய் வளர்த்தவரையே கடிக்கக்கூடும். ஆதலால் சிறுவர்கள் தனியே மருந்திடுதல் தகாது. பெற்றோர் உடனிருத்தல் வேண்டும். சொறியும் படர்தாமரையும் நாயிடமிருந்து நமக்கும் தொற்றக் கூடியவை என்பதால், நாயைத் தொட்டபின் சோப்பிட்டுக் கை கழுவுதல் இன்றியமையாதது. புண்ணில் சீழோ துர்நாற்றமோ புழுவோ காணப்பட்டாலும், நாய் உணவை வெறுத்தாலும், இரண்டு மூன்று நாள்களில் குணம் தெரியாவிட்டாலும், உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்லுதல் வேண்டும். நெடுநாள் நக்கித் தடித்த புண் ஆழத்தில் கிருமி கொண்டிருக்கும். அதற்கு இலை மருந்து மட்டும் போதாது.

மாணவ மணிகளே! மூலிகை நம் முன்னோர் நமக்கு விட்டுச் சென்ற செல்வம். அதனை எங்கே பயன்படுத்துவது, எங்கே நிறுத்துவது என்று அறிவதே அச்செல்வத்தைப் போற்றும் முறையாகும். வாயில்லா உயிர் தன் நோயைச் சொல்ல இயலாது. நக்கிக் காட்டத்தான் இயலும். அதைக் கண்டதும் விரட்டாமல், அருகே சென்று, “உனக்கு என்ன துன்பம்?” என்று ஆராய்வதே நாம் அதற்குச் செய்யும் முதல் மருத்துவமாகும்.