சின்னச் சின்ன எரிச்சல்கள்

மலருக்குக் கட்டுரை கேட்டு வந்த நண்பர், "சிலப்பதிகாரத்தில் இசை, அந்த மாதிரி ஏதாவது கனமா எழுதுங்க சார்" என்று சொல்லிவிட்டுப் போனார். கனமான விஷயத்தைத்தான் எடுத்துக்கொண்டிருக்கிறேன். பார்வைக்கு மட்டும் அது கனமாகத் தெரியாது. சொட்டுகிற குழாய், காலை ஏழு மணிக்குள் நாலு தடவை அடிக்கிற வாசல் மணி, மேல்வீட்டில் தரதரவென்று இழுபடும் நாற்காலி, பக்கத்து இருக்கைக்காரரின் கைபேசிப் பேச்சு. இவற்றைப் பற்றியெல்லாம் படித்தவர்கள் உட்கார்ந்து ஆராய்ச்சி செய்திருக்கிறார்கள். மும்பையில் சுவரோடு சுவர் ஒட்டிக் குடியிருக்கும் நமக்கு அந்த ஆராய்ச்சிகள் கொஞ்சம் உபயோகப்படும் என்று நினைக்கிறேன்.

முதலில் சொற்களைப் பாருங்கள். 'எரிச்சல்' என்கிறோம், அது தோலிலும் கண்ணிலும் வருவது. 'கடுப்பு' வயிற்றில் வரும். 'குடைச்சல்' காதுக்கும் மூட்டுக்கும் உரியது. அரிப்பு, பிடுங்கல் எல்லாமே உடம்பின் சொற்கள்தான். பெரிய இழப்பு நேர்ந்தால் துக்கம், சோகம் என்கிறோம். அவை மனசின் சொற்கள். சின்னத் தொல்லைக்கு மாத்திரம் உடம்பிலிருந்து சொல் எடுத்து வழங்கியிருக்கிறார்கள் நம் பெரியவர்கள். அது எவ்வளவு சரியான கவனிப்பு என்பது பின்னால் தெரியவந்தது.

1967-இல் அமெரிக்காவில் தாமஸ் ஹோம்ஸ், ரிச்சர்ட் ராஹே என்ற இரண்டு மருத்துவ அறிஞர்கள் ஒரு பட்டியல் வெளியிட்டார்கள். வாழ்க்கையில் நேரும் 43 மாறுதல்களுக்கு அவர்கள் மதிப்பெண் போட்டார்கள். கணவனையோ மனைவியையோ இழப்பதற்கு 100. அதுதான் உச்சம். அங்கிருந்து இறங்கி இறங்கி, கிறிஸ்துமஸ் பண்டிகைக்கு 12 மதிப்பெண்! (நம் வீட்டுத் தீபாவளிக்கு எத்தனை போடுவார்களோ.) ஒரு வருஷத்துக்குள் மதிப்பெண் அதிகம் சேர்ந்தவர்கள் நோயில் விழ வாய்ப்பு அதிகம் என்பது அவர்கள் கருத்து.

பெர்க்லியில் இருந்த ரிச்சர்ட் லாசரஸ் என்ற உளவியலாளருக்கு இதில் ஒரு சந்தேகம். மனைவி இறப்பதும் வேலை போவதும் தினமும் நடக்கிற காரியங்களா? தினமும் நடப்பதை யார் கணக்கெடுப்பது? அவரும் ஆலன் கேனர் முதலிய கூட்டாளிகளும் 117 சில்லறைத் தொல்லைகளைப் பட்டியலிட்டு, நடுவயதுக்காரர்கள் நூறு பேரிடம் மாதாமாதம் கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். 1981-இல் முடிவு வந்தது. ஒருவருடைய மனநிலை எவ்வளவு கெட்டிருக்கிறது என்பதைப் பெரிய சம்பவங்களைவிட இந்தச் சில்லறைத் தொல்லைகளே நன்றாகச் சுட்டிக்காட்டின. அதிகம் பேர் சொன்ன தொல்லைகள் என்ன தெரியுமா? உடம்பின் எடை, குடும்பத்தில் ஒருவரின் உடல்நிலை, விலைவாசி, வீட்டைப் பராமரிப்பது, ஒரே சமயத்தில் பல வேலை, பொருளை எங்கே வைத்தோம் என்று தேடுவது. கலிபோர்னியாவானால் என்ன, காட்கோபரானால் என்ன!

ஏன் இப்படி? அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பது ஒரு காரணம். ஆனால் அது மட்டும் இல்லை. 2004-இல் ஹார்வர்டைச் சேர்ந்த டேனியல் கில்பர்ட்டும் அவர் கூட்டாளிகளும் ஒரு விசித்திரத்தை எடுத்துச் சொன்னார்கள். நம் ஊர் உதாரணத்திலேயே சொல்கிறேன். கடை ஒரு கிலோமீட்டர் தூரத்தில் இருந்தால் நடந்து போவோம். கால்மணி நேரம் ஆகும். மூன்று கிலோமீட்டர் என்றால் ஆட்டோ பிடிப்போம். தெரு காலியாக இருந்தால் பத்து நிமிஷத்தில் போய்விடலாம். தூரம் அதிகமானதாலேயே சீக்கிரம் போய்ச் சேர்கிறோம். மனக் கஷ்டமும் அப்படித்தானாம். பெரிய அடி விழுந்தால் மனசு உடனே தன் ஆட்டோவைக் கூப்பிடுகிறது: சமாதானம் தேடுகிறது, பிறர் உதவியை நாடுகிறது, விதி என்று தேற்றிக்கொள்கிறது. சின்னக் கீறலுக்கு அந்த ஏற்பாடு எதுவும் கிளம்புவதில்லை. அதனால் அது ஆறாமல் வருஷக்கணக்கில் கிடக்கும்.

இதைப் படித்தபோது எனக்கு வெளியூர்த் தமிழ்க் குடும்பங்கள்தான் நினைவுக்கு வந்தன. ஒரு சாவு என்றால் இந்த ஊரிலும் நாலு பேர் ஓடி வருகிறார்கள். சங்கத்திலிருந்து ஆள் வரும், சாப்பாடு வரும், ரயில் டிக்கெட்டுக்கு யாரோ அலைவார்கள். ஆனால் மேல்வீட்டு நாற்காலிக்கு யார் வருவார்? ஊரில் திண்ணை இருந்தது. "அந்த ஆளு ராத்திரி பத்து மணிக்கு என்னத்தப் போட்டு இடிக்கான்னு தெரியலியே" என்று அடுத்தவரிடம் ஒரு தடவை புலம்பினால் பாதி போய்விடும். இங்கே அடுத்த வீட்டுக்காரரிடம் புலம்புவதற்கு முதலில் இந்தியிலோ மராத்தியிலோ வாக்கியம் அமைக்க வேண்டும். அமைத்து முடிப்பதற்குள் லிஃப்ட் கீழே வந்துவிடும்.

எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர். அம்பாசமுத்திரம் பக்கம், ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர். மனைவி இறந்தபின் மகனோடு இருக்க இங்கே வந்தார். அந்தத் துக்கத்தை அவர் தாங்கிய விதத்தைப் பார்த்து நாங்கள் எல்லாரும் வியந்தோம். இரண்டு வருஷம் கழித்து, திடீரென்று ஊருக்கே போகிறேன் என்று கிளம்பிவிட்டார். மகனுக்கு ஒன்றும் புரியவில்லை. மருமகள் ஏதாவது சொன்னாளா, பணக் கஷ்டமா என்று பெரிய காரணமாகத் தேடிக்கொண்டிருந்தார். ஒருநாள் தொலைபேசியில் பெரியவரே என்னிடம் சொன்னார்: "பேப்பர் சார். நான் எந்திரிச்சு வர்றதுக்குள்ள யாராவது பிரிச்சு, கசக்கி, தாள் மாத்திப் போட்டுருவாங்க. காப்பியில தினமும் சர்க்கரை கூட. ரிமோட்டு எங்க இருக்கும்னே தெரியாது. இதையெல்லாம் ஒரு விஷயம்னு போயி எப்படிச் சொல்ல?"

சொல்லியிருந்தால் ஒரு நாளில் தீர்ந்திருக்கும். சொல்ல வெட்கம். இது சின்ன விஷயம் என்பதுதான் அதைச் சொல்லவிடாமல் தடுத்தது. நாற்பது வருஷம் தன் வீட்டில் முதல் ஆளாய்ப் பேப்பர் பிரித்தவருக்கு, அந்தக் கசங்கின தாள் என்ன சொல்லியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். தீபாவளிக்கு வருவார். அந்த நாட்களில் பேப்பர் மடிப்புக் கலையாமல் மேஜைமேல் இருக்கும். ஆனால் தங்குவதில்லை.

நம் கையில் இல்லை என்ற உணர்வுதான் எரிச்சலுக்கு எண்ணெய். டேவிட் கிளாஸ், ஜெரோம் சிங்கர் என்ற இருவர் நடத்திய சோதனைகள் 1972-இல் புத்தகமாக வந்தன. ஆட்களை உட்காரவைத்து, 108 டெசிபல் அளவில் காது கிழிகிற சத்தத்தை, எப்போது வரும் என்று தெரியாதபடி விட்டு விட்டுக் கேட்கச் செய்தார்கள். சிலருக்கு மட்டும் பக்கத்தில் ஒரு பொத்தான். "தாங்க முடியாவிட்டால் அழுத்துங்கள், சத்தம் நின்றுவிடும், முடிந்தவரை அழுத்தாமல் இருங்கள்" என்றார்கள். அநேகமாக யாரும் அழுத்தவில்லை. ஆனால் சத்தம் முடிந்தபின் புதிர் கொடுத்து உட்காரவைத்தால், பொத்தான் இருந்தவர்கள் பொறுமையாக முயன்றார்கள். இல்லாதவர்கள் சீக்கிரமே கையை விரித்தார்கள். இரண்டு கூட்டமும் கேட்டது ஒரே சத்தம்தான்!

வாசல் மணியும் அப்படியே. நாமே பால்காரரை வரச் சொல்லி மணி அடித்தால் ஒன்றும் இல்லை. பால், பேப்பர், கச்சரா எடுப்பவர், இஸ்திரிக்காரர், கடைசியில் யாரோ கூரியர் என்று வரிசை தெரியாமல் அடிக்கும்போதுதான் உடம்பு தூக்கிவாரிப் போடுகிறது. பாலுக்கு வாசலில் ஒரு பை, துணிக்கு ஒரு கூடை என்று வைத்தால் மணி பாதியாகிவிடும். பாதியானதைவிட, பையை நாம் வைத்தோம் என்பதில்தான் பாதி நிம்மதி.

நமக்கென்று தனியாக ஒரு எரிச்சலும் உண்டு; வடநாட்டார் அறியாதது. படிவத்தில் 'சர்நேம்' என்ற கட்டம். நாம் தலையெழுத்து போட்டு வளர்ந்தவர்கள். கட்டத்தை நிரப்ப அப்பா பெயரை எழுதினோம். விளைவு, அலுவலகத்திலும் ஆஸ்பத்திரியிலும் அப்பாவைத்தான் கூப்பிடுகிறார்கள். அவர் காலமாகி எத்தனை வருஷம் ஆனாலும் "மிஸ்டர் சுப்பிரமணியம் ஹாஜிர் ஹை?" என்று கூப்பிட்டால் நாம்தான் எழுந்து போக வேண்டும். கணவனுக்கு ஒரு சர்நேம், மனைவிக்கு ஒரு சர்நேம், பிள்ளைக்கு இன்னொன்று. ஒரே குடும்பமா என்று ஒவ்வொரு கவுண்டரிலும் கேள்வி. ஒரு தடவை என்றால் சிரித்துவிடலாம். நித்தம் போனால் முற்றம் சலிக்கும்.

ரயிலுக்கு வருவோம். பக்கத்தில் இரண்டு பேர் பேசிக்கொண்டு வந்தால் தூங்கிவிடுகிறோம். ஒருவர் கைபேசியில் பேசினால் தூக்கம் வருவதில்லை. சத்தம் ஒன்றுதானே? 2010-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லாரன் எம்பர்சனும் கூட்டாளிகளும் இதைச் சோதித்தார்கள். பேச்சின் இரண்டு பக்கமும் கேட்டவர்களுக்குக் கவனம் சிதறவில்லை. ஒரு பக்கம் மட்டும் கேட்டவர்களுக்குத்தான் கையிலிருந்த வேலை கெட்டது. "ஆமா... இல்ல இல்ல... அப்புறம் என்ன சொன்னா?" என்று கேட்டால், சொன்னது என்ன என்பதை நம் மூளை நம்மைக் கேட்காமலே இட்டு நிரப்பப் பார்க்கிறது. நமக்கு வேண்டாத குடும்பத்தின் வழக்கில் நம்மை உட்காரவைத்துவிடுகிறார்கள்.

நடுப்படுக்கைச் சண்டையை அறியாதவர் நம்மில் இருக்க முடியாது. ஒருவர் எட்டு மணிக்கே படுக்கையைத் தூக்கி மாட்டுவார். கீழே உட்கார்ந்தவர் கழுத்தைக் குனிந்துகொண்டே தயிர்சாதம் சாப்பிட வேண்டும். காலையில் ஏழரை வரை இறக்க மாட்டார். இந்தச் சில்லறை வழக்குக்காக ரயில்வே வாரியமே 2017-இல் விதியைத் திருத்தியது. அதுவரை இரவு 9 முதல் காலை 6 வரை இருந்த தூங்கும் நேரம், 10 முதல் 6 வரை என்று ஆனது. நோயாளிகள், மாற்றுத்திறனாளிகள், கர்ப்பிணிகளுக்கு மட்டும் விட்டுக்கொடுக்கச் சொன்னார்கள். விதி தெரிந்தவர் சண்டை போடாமல் மணியைக் காட்டலாம். நான் காட்டிப் பார்த்திருக்கிறேன், பத்துக்கு ஏழு பேர் இறங்கிவிடுவார்கள். மீதி மூன்று பேரிடம் விதி பேசிப் பயன் இல்லை.

சத்தத்துக்கும் 2000-த்திலேயே மத்திய அரசு விதி செய்திருக்கிறது: குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு பத்து மணிக்கு மேல் 45. இந்த நகரத்தில் அது எவ்வளவு தூரம் நடக்கிறது என்பதை வாசகர்கள் அறிவார்கள். 2020 ஜனவரியில் மும்பைப் போக்குவரத்துக் காவல்துறை வெளியிட்ட ஒரு வீடியோ மட்டும் எனக்குப் பிடித்திருந்தது. சில சந்திப்புகளில் சிக்னலோடு டெசிபல் மானியை இணைத்தார்கள். சிவப்பு விளக்கில் நிற்கும் வண்டிகள் ஹாரன் அடித்து அடித்துச் சத்தம் 85-ஐத் தாண்டினால், காத்திருக்கும் நேரம் மறுபடியும் முதலிலிருந்து! கிளாஸ், சிங்கர் பொத்தானைத் தலைகீழாகத் திருப்பிய மாதிரி. ஊர் முழுக்க வரவில்லை என்பது நமது துரதிர்ஷ்டம்.

குழாய்ச் சொட்டுக்கு வழி இருக்கிறது. 2018-இல் கேம்பிரிட்ஜில் அனுராக் அகர்வால் என்ற பொறியியல் அறிஞரும் அவர் மாணவர்களும் அதிவேகக் காமிராவும் நீருக்குள் வைக்கும் மைக்கும் கொண்டு பார்த்தார்கள். 'டொக்' என்று கேட்பது துளி விழுந்து மோதுகிற சத்தம் அல்லவாம். துளி விழுந்த இடத்தில் நீருக்கு அடியில் ஒரு சிறு காற்றுக் குமிழி சிக்கி அதிர்கிறது. அந்த அதிர்வுதான் சத்தம். கீழே இருக்கும் வாளித் தண்ணீரில் பாத்திரம் தேய்க்கும் திரவம் கொஞ்சம் விட்டால் நீரின் மேற்பரப்பு இழுவிசை குறைந்து குமிழி சிக்காது. சொட்டு சொட்டிக்கொண்டே இருக்கும், சத்தம் இராது. பிளம்பர் "கல் ஆதா ஹூம்" என்று சொல்லிப் போன மூன்று இரவுகளுக்கு இது போதும்.

கடைசியாக ஒன்று. மேல்வீட்டு நாற்காலியைப் பற்றி நாம் பேசுகிறோம். நம் வீட்டு கிரைண்டரைப் பற்றிக் கீழ்வீட்டு மராத்திக்காரர் என்ன பேசுகிறார் என்பதையும் கேட்க வேண்டுமே. வெட் கிரைண்டரின் சத்தம் காற்றில் போவதைவிடத் தரையின் கான்கிரீட் வழியாகவே அதிகம் இறங்கும். ஜன்னலைச் சாத்தினால் நிற்காது. அடியில் தடிமனான ரப்பர் விரிப்புப் போட்டால் பெருமளவு குறையும். எங்கள் கட்டடத்தில் தமிழ்க் குடும்பங்கள் ஆறு. விடிகாலை ஐந்தரைக்கு இருந்த மாவரைப்பு இப்போது மாலை ஐந்துக்கு மாறியிருக்கிறது. கூட்டம் போட்டு வந்த மாறுதல் இல்லை. கீழ்வீட்டு அம்மாள் ஒருநாள் மாடியேறி வந்து, அதட்டாமல், "நீங்கள் தினமும் எத்தனை மணிக்கு அரைப்பீர்கள் என்று சொல்லிவிட்டால் நான் அதற்குமுன் எழுந்துகொள்வேன்" என்று மட்டும் கேட்டார். அவருக்கு ஒரு டப்பாவில் மாவும், தோசை வார்க்கும் முறையும் போயிற்று. அந்த டப்பா திரும்பி வரும்போது அதில் தாலிபீட் மாவு இருந்தது.