இசட் 22.0: காய்ச்சலே இல்லாதவருக்கு ஒரு நம்பர்

மைசூரு அக்ரஹாரத்துக்கு வந்தால் ஓட்டல் அடுப்படியை எட்டிப் பார்க்கத்தான் எல்லோருக்கும் ஆசை. அது அப்புறம். முதலில் ஆஸ்பத்திரி ரெக்கார்ட்ஸ் அறைக்கு வாங்க, சத்தியமாக அதுதான் சுவாரசியம்!

டாக்டர் கிறுக்கியதைப் படித்து, ஐசிடி-10 என்ற நோய்க் குறியீட்டுப் பட்டியலின் எண்ணாக்குவது கோடர் வேலை. (நம் பிள்ளைகள் பலர் ராத்திரி கண் விழித்து அமெரிக்க ஃபைல்களுக்கும் இதைத்தான் செய்கிறார்கள்.) டைபாய்டு காய்ச்சலா, ஏ01.0. என்றைக்கோ வந்து போனதா, இசட் 86.1 வரிசை. காய்ச்சலும் இல்லை, வலியும் இல்லை, மூணு வேளையும் வெளுத்துக்கட்டுகிறார், கிருமி மட்டும் உள்ளே குடித்தனம் நடத்துகிறது என்றால்? அவருக்கும் நம்பர் உண்டு: இசட் 22.0! ஆனால் லேப் ரிப்போர்ட்டை மட்டும் பார்த்துக் கோடர் அதைப் போட்டுவிட முடியாது. 'கேரியர்', அதாவது கிருமி சுமப்பவர், என்று டாக்டர் எழுத வேண்டும். எழுதவில்லையா, அவருக்கு ஒரு க்வெரி பறக்கும்.

கிருமியின் ஜாகை பித்தப்பை. அங்கே கல்லும் இருந்தால் கொண்டாட்டம்தான். கல்மேல் படலம் கட்டிக்கொண்டு மாத்திரைக்கு மசியாது. டைபாய்டு வந்தவர்களில் 100க்கு 1 முதல் 5 பேர் வரை, ஒரு வருஷம் தாண்டியும் மலத்தில் கிருமியை அனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள்.

அடுத்தது லேப். மூக்கைப் பிடித்துக்கொள்ளுங்கள். மல மாதிரியை செலினைட் திரவத்தில் வளரவிட்டு, பிஸ்மத் சல்ஃபைட் தட்டில் கீறுவார்கள். இரண்டு நாள் கழித்துத் தட்டைச் சாய்த்தால், அடடா, கருகருவென்று புள்ளிகள், ஓரமெல்லாம் உலோக மினுமினுப்பு! அநியாயத்துக்கு அழகு. ஆனால் கிருமி தினமும் தலைகாட்டாது. ஒரு தடவை 'இல்லை' என்று வந்தால் நம்ப முடியாது, திரும்பவும் டப்பாவை நீட்டுவார்கள்.

இந்தக் கேரியர் கூட்டத்தின் பிரபலம் நியூயார்க் சமையல்காரி மேரி மாலன். பீச் பழ ஐஸ்கிரீமில் கைதேர்ந்தவர். 1907இல் பிடித்துத் தீவில் வைத்தார்கள். 1910இல், இனி சமைக்கக் கூடாது என்று சொல்லி வெளியே விட்டார்கள். கையில் அந்தத் தொழிலை வைத்திருப்பவரை, கூலி குறைந்த சலவை வேலைக்குப் போ என்றால் எத்தனை நாள் போவார்? 1915இல் வேறு பெயரில் ஒரு மகப்பேறு ஆஸ்பத்திரி சமையற்கட்டில் அகப்பட்டார். அங்கே 25 பேருக்கு டைபாய்டு. 1938இல் சாகும்வரை தீவுவாசம். பாவம், அவருக்கு ஆன்டிபயாடிக் கிடையாது. இன்றைக்கு நாலு வாரம் சிப்ரோஃப்ளாக்சசின் தரலாம், கிருமி அதற்குப் படிந்தால். நம் நாட்டில் பல கிருமிகள் படிவதில்லை. கல் இருந்தால் பித்தப்பையையே எடுத்துவிடுவதும் உண்டு.

இப்போது அடுப்படிக்கு வருவோம். உணவு பாதுகாப்பு விதிப்படி அங்கே வேலை செய்பவர்களுக்கு வருஷா வருஷம் மருத்துவப் பரிசோதனை, டைபாய்டு வகைக் காய்ச்சல்களுக்குத் தடுப்பூசி. உடம்பு, கண், தோல் எல்லாம் பார்த்துச் சான்றிதழ் தருவார்கள். தொற்றுக்கான டெஸ்ட்? டாக்டர் பார்த்துச் சந்தேகப்பட்டால்தான் என்கிறது அந்தப் படிவம். நம்மாள் கல்லுக்குண்டு மாதிரி எதிரே நிற்கிறார், யார் சந்தேகப்படுவார்கள்? டப்பா நீட்டப்படாது. கோடரின் திரையில் அவர் இசட் 02 வரிசையில், சான்றிதழுக்காக வந்துபோனவராகப் பதிவாகி, அன்று மாலையே மாவு கரைக்கப் போய்விடுவார்.