சங்கத்து வண்டியும் மிஸ்ஸிங் கோளாறும்

பண்ணாரியிலிருந்து திம்பத்துக்கு ஏறும் மலைப்பாதையில் 27 கொண்டையூசி வளைவுகள் உள்ளன. தாளவாடிப் பகுதியில் விளையும் முட்டைக்கோஸும் உருளைக்கிழங்கும் சமவெளிக்கு இறங்குவது அந்தப் பாதை வழியேதான். நெசவாளர் சங்கமும் விவசாயிகள் சங்கமும் பொதுவில் வைத்திருக்கும் எங்கள் பழைய டீசல் பிக்அப் வண்டி, வாரத்தில் மூன்று நாள் உரமூட்டைகளுடன் அந்த மலையேறிக் காய்கறியுடன் இறங்கும். எஞ்சிய நாட்களில் நூல் மூட்டைகளையும் ஜமக்காளக் கட்டுகளையும் சுமக்கும். அவ்வண்டி ஒரு நாள் ஐந்தாவது வளைவில் திணறத் தொடங்கியது. டிரைவர் கியரைக் குறைத்தும் பயனில்லை. உடல் முழுவதும் குலுங்க, பின்னால் வெண்புகை கக்கிக்கொண்டு, எவ்வாறோ மேலே போய்ச் சேர்ந்தது.

மோட்டார்த் தொழிலாளர் இக்கோளாறை 'மிஸ்ஸிங்' என்பர். 'என்ஜின் மிஸ் அடிக்கிறது' என்று கூறுவதும் உண்டு. அதன் பொருள் இன்னதென்று அங்கத்தினர்கள் அறிந்திருத்தல் நலம். பட்டறைக்காரர் கழற்றுகிறார், பூட்டுகிறார். ஆனால் பில் தொகைக்குக் கை தூக்குகிறவர்கள் நாம்தாம் அல்லவா?

நான்கு சிலிண்டர் என்ஜினில், கிராங்க் தண்டு இரண்டு முறை சுற்றுவதற்குள் ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு முறை எரிபொருள் எரிய வேண்டும். அதாவது அரைச் சுற்றுக்கு ஓர் உந்துதல். நான்கில் ஒன்று தவறினால், தறியில் மிதியோசை ஒன்று தப்பியதைப்போல் அது காதுக்கு உடனே எட்டிவிடும். பெட்ரோல் வண்டியானால் முதலில் ஸ்பார்க் பிளக்கையும் வயரையும் காயிலையும் பார்ப்பார்கள். டீசல் என்ஜினில் பொறிக்கு வேலையில்லை. உள்ளே வந்த காற்றைச் சுமார் இருபதில் ஒரு பங்காக அழுத்தும்போது, அது 500 டிகிரி செல்சியசுக்கும் மேலாகச் சூடேறுகிறது. அச்சூட்டில் இஞ்செக்டர் தூவும் டீசல் தானே பற்றிக்கொள்கிறது. ஆகவே காற்று நன்கு அழுந்த வேண்டும். டீசல் அளவாகவும் நுண்துளிகளாகவும் வரவேண்டும். உரிய கணத்தில் வரவேண்டும். இம்மூன்றில் ஒன்று பிசகினாலும் மிஸ்ஸிங்தான்.

எங்கள் வண்டியை முதலில் கொண்டுபோன பட்டறையில் டீசல் ஃபில்டரை மாற்றினார்கள். அதில் குற்றமில்லை, எப்படியும் மாற்றவேண்டிய பொருள், செலவும் சொற்பம். குணம் தெரியவில்லை. அடுத்த பட்டறையில், டீசல் பம்பைக் கழற்றி முழுவதும் பழுதுபார்க்க வேண்டுமென்றார்கள். நிர்வாகக் குழு கூடித் தீர்மானம் நிறைவேற்றிற்று. கை தூக்கியவர்களில் நானும் ஒருவன். பம்ப் திரும்பி வந்தது. கூடவே பில்லும் வந்தது. அது வண்டியின் இரண்டு மாத வாடகை வருமானத்தை விழுங்கியது. மறுநாள் அதே ஐந்தாவது வளைவில் அதே திணறல். அறுத்துக் கட்டிய முட்டைக்கோஸ் தாளவாடியிலேயே வாடிக்கொண்டிருந்தது. வேறு லாரிக்கு வாடகை கொடுத்து இறக்கினோம். அந்த வாரம் விவசாய அங்கத்தினர்களின் முகத்தைப் பார்க்க எங்களுக்குக் கூச்சமாகவே இருந்தது.

வண்டியை மெல்ல இறக்கிவந்து, பண்ணாரிச் சாலையோரம் தகரக் கொட்டகையில் வேலை செய்யும் முதியவர் ஒருவரிடம் நிறுத்தினோம். அவர் ஸ்பானரைத் தொடவேயில்லை. டிரைவரை அழைத்துக் கேட்கலானார்.

"காலையில் ஸ்டார்ட் செய்தவுடனே வருதா தம்பி, சூடேறின பிறகா?"

"காலையில் நன்றாகத்தானுங்க ஓடுது. பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் போன பிறகுதான் வருதுங்க."

"விட்டு விட்டு வருதா? ஒரே தாளமா?"

"ஒரே தாளமுங்க, அண்ணா."

இவ்விரு கேள்விகளையும் முதல் பட்டறையிலேயே நாம் சொல்லிக் கேட்டிருக்கலாம். தாளம் தவறித் தவறி, ஒருசமயம் நன்றாகவும் ஒருசமயம் மோசமாகவும் ஓடினால், குற்றம் பெரும்பாலும் நான்கு சிலிண்டருக்கும் பொதுவான இடத்தில் இருக்கும். டாங்கியில் தண்ணீர் கலந்திருக்கலாம், ஃபில்டர் அடைத்திருக்கலாம், டீசல் குழாயில் காற்றுப் புகுந்திருக்கலாம். இந்தக் கடைசிக் குறை பலரை ஏமாற்றுவது. டாங்கியிலிருந்து டீசலை உறிஞ்சும் குழாயில் சிறு வெடிப்பு இருந்தால், டீசல் வெளியே சொட்ட வேண்டுமென்பதில்லை. வெளிக்காற்று உள்ளே புகும். தரையில் ஒரு துளி ஈரமும் இல்லாததால், குழாய் நன்றாகவே இருக்கிறதென்று நாம் நம்பிவிடுகிறோம். அவ்விடத்தில் ஒரு சாண் கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் குழாயைத் தற்காலிகமாகப் பொருத்திப் பார்த்தால் குமிழி ஓடுவது கண்ணுக்கே தெரியும். ஒரு ரப்பர் குழாய், இரண்டு கிளிப்பு, அவ்வளவுதான் செலவு.

ஆனால் எங்கள் வண்டியோ ஒரே தாளத்தில் துடித்தது. அப்படியானால் ஏதோ ஒரு சிலிண்டர் மட்டும் வேலை செய்யவில்லை. அது எது? சூடான என்ஜினை மெதுவாக ஓடவிட்டு, பம்பிலிருந்து இஞ்செக்டருக்குப் போகும் இரும்புக் குழாயின் நட்டை அம்முதியவர் ஒவ்வொன்றாக அரைச் சுற்றுத் தளர்த்தினார். முதலாவதைத் தளர்த்தியதும் என்ஜின் குலுங்கியது. அந்தச் சிலிண்டர் உழைத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். இறுக்கிவிட்டு இரண்டாவதைத் தளர்த்தினார், மேலும் குலுங்கியது. மூன்றாவதைத் தளர்த்தியபோது ஓட்டத்தில் ஒரு மாறுதலும் இல்லை. நான்காவது உழைத்தது. ஐந்து நிமிஷத்தில் குற்றவாளி மூன்றாவது சிலிண்டர் என்று தெரிந்துவிட்டது.

இங்கே ஓர் எச்சரிக்கை. இச்சோதனை பழைய பம்ப் வண்டிகளுக்கு மட்டுமே உரியது. காமன் ரெயில் அமைப்புள்ள புதிய வண்டிகளில் குழாயின் அழுத்தம் ஆயிரம் பாருக்கும் மேற்படும். ஓடும்போது நட்டைத் தளர்த்தினால் டீசல் தோலைத் துளைத்து உள்ளே சென்றுவிடும். பழைய வண்டியிலும் நட்டின்மேல் தடித்த துணியைச் சுற்றி, கண்ணுக்குக் கண்ணாடி அணிந்து, பழகியவர்தாம் செய்ய வேண்டும்.

அடுத்து மூன்றாவது இஞ்செக்டரையும் இரண்டாவது இஞ்செக்டரையும் புதிய செம்பு வாஷர்கள் வைத்து இடம் மாற்றிப் பூட்டினார். மிஸ்ஸிங் இரண்டாவதுக்குப் போயிருந்தால் இஞ்செக்டரின் மேல் பழி. போகவில்லை, மூன்றாவதிலேயே நின்றது. புதிய இஞ்செக்டர் வாங்கும் செலவு இவ்வாறு மிச்சமாயிற்று. பின்னர் என்ஜினை நிறுத்தி, சூடு ஆறுமுன் கிராங்க் நட்டில் நீண்ட ஸ்பானரைப் போட்டுக் கையால் சுற்றினார். அரைச் சுற்றுக்கு ஒரு முறை கை தடைபட வேண்டும். மூன்று இடத்தில் தடைபட்டது. ஓரிடத்தில் மட்டும் வழுக்கிக்கொண்டு போயிற்று. அங்கே காற்று அழுந்தவில்லை. ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஏனுங்க, இந்த வண்டியில் டேப்பட் சத்தம் எப்போதிருந்து இல்லை?"

எனக்குச் சுருக்கென்றது. சில மாதங்களாகவே டேப்பட் சத்தம் அடங்கி, வண்டி 'அமைதியாக' ஓடுகிறதென்று டிரைவரும் நானும் மகிழ்ந்துகொண்டிருந்தோம்.

எரிந்த புகையை வெளியேற்றும் எக்ஸாஸ்ட் வால்வுக்கும், அதை அழுத்தித் திறக்கும் ராக்கருக்கும் இடையே மெல்லிய இடைவெளி ஒன்று இருத்தல் வேண்டும். வண்டிக்கு வண்டி வேறுபடும். கால் மில்லிமீட்டருக்கு முன்பின் இருக்கலாம். லேசான டேப்பட் சத்தம் அந்த இடைவெளியின் சத்தம். நாளடைவில் வால்வு தன் இருக்கையில் தேய்ந்து அமிழும்போது இடைவெளி குறைகிறது. சூடேறிய வால்வு நீளும். நீள்வதற்கு இடமில்லாவிட்டால் முழுவதும் மூடாமல் சிறிது திறந்தே நிற்கும். காற்று அதன் வழியே நழுவிவிடும். காலையில் நன்றாக ஓடியதும், பத்துக் கிலோமீட்டருக்குப் பின் துடித்ததும், எரியாத டீசல் வெண்புகையாக வெளிவந்ததும் இதனாலேயே. இந்நிலையில் தொடர்ந்து ஓட்டினால் வால்வு கருகிப்போகும். ஏனெனில் அது தன் சூட்டைத் தணித்துக்கொள்வது இருக்கையில் ஒட்டி அமரும்போதுதான்.

மறுநாள் காலை, என்ஜின் நன்றாகக் குளிர்ந்தபின், மூடியைக் கழற்றி ஃபீலர் கேஜ் தகட்டை நுழைத்துப் பார்த்தார். மூன்றாவது எக்ஸாஸ்ட் வால்வில் மிக மெல்லிய தகடும் நுழையவில்லை. எட்டு வால்வுகளையும் கையேட்டு அளவுக்குச் சரிசெய்ய ஒரு மணி நேரமாயிற்று. கூலியாக அவர் கேட்டதைச் சொன்னபோது எங்கள் காரியதரிசி நம்பவில்லை; பில்லில் ஒரு பூஜ்யம் விட்டுப்போயிற்றா என்று வினவினார்.

வண்டி அன்றே மலையேறியது. எனினும் முதியவர் ஒன்று கூறியிருந்தார்: "இருக்கை தேய்ந்திருக்குதுங்க. நாலைந்து மாதம் தாங்கும். இடைவெளி மறுபடி மூடினால் ஹெட்டை இறக்கத்தான் வேணும்." அவ்வாறே நடந்தது. மாதம் ஒரு முறை இடைவெளியை அளந்து வண்டிப் புத்தகத்தில் எழுதிவந்தோம். அது குறைவது எழுத்திலேயே தெரிந்தது. தீபாவளி விற்பனை முடியும்வரை இடையில் ஒரு முறை சரிசெய்து சமாளித்தோம். பின்னர் வேலை குறைந்த கார்த்திகையில் ஹெட்டை இறக்கி, மூன்றாவது வால்வையும் அதன் இருக்கை வளையத்தையும் மாற்றினோம். இம்முறை குழுவில் எவரும் கேள்வி எழுப்பவில்லை. புத்தகத்தில் எண்கள் இருந்தன. டேப்பட் சத்தம் இப்போது மெல்லியதாகக் கேட்கிறது.