மலை இறங்கியதும் கண் சொக்குகிறதே!

ஏற்காட்டுக்கு இரண்டு மலைப் பாதைகள் உண்டு. ஒன்று, சேலம் அடிவாரத்தில் இருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளோடு ஏறும் பாதை. எல்லோருக்கும் தெரிந்தது. மற்றொன்று, கொட்டச்சேடு வழியாகக் குப்பனூரில் வந்து இறங்கும் பாதை.

கோடை விழா நாட்களில் ஏற்காட்டில் கூட்டம் தாங்காது. அப்போது வண்டிகள் அடிவாரம் வழியாக ஏறவும், குப்பனூர் வழியாக இறங்கவும் போலீசார் ஏற்பாடு செய்வது உண்டு. அந்த நாட்களில் குப்பனூரில் நின்று பார்த்தால், ஊர் திரும்பும் குடும்பங்களைப் பார்க்கலாம்.

சாயங்கால நேரம். ஒரு வேன் வருகிறது. பிள்ளைகள் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து தூங்குகிறார்கள். அம்மாவின் மடியில் காபித்தூள் பொட்டலம். அப்பாவின் தலை ஆடுகிறது. பாட்டி மட்டும் விழித்திருக்கிறாள்.

"அப்பாடா! மலை இறங்கியாச்சு. இனிமேல் பயம் இல்லை" என்கிறாள் பாட்டி.

மலையைப் பற்றிப் பாட்டி சொன்னது சரி. வண்டி ஓட்டுகிறவரைப் பற்றி அவள் நினைக்கவில்லை. அவர் இன்னும் 300 கிலோ மீட்டருக்கு மேல் ஓட்டிச் சென்னை போய்ச் சேர வேண்டும். முதல் நாள் இரவு முழுவதும் ஓட்டி வந்தவரும் அவரே!

நேர்ச்சாலையின் தாலாட்டு

ஏற்காடு சுமார் 5 ஆயிரம் அடி உயரத்தில் இருக்கிறது. இறங்கும்போது டிரைவருக்கு ஓயாத வேலை. கியரை மாற்ற வேண்டும். ஆரன் அடிக்க வேண்டும். எதிரே வரும் வண்டிக்கு ஒதுங்க வேண்டும். ஒரு பக்கம் பள்ளம். பயம் இருக்கிற இடத்தில் தூக்கம் அவ்வளவு சுலபமாக வராது.

தரைக்கு வந்ததும் எல்லாம் மாறிவிடுகிறது. சாலை நீளமாகப் போகிறது. எஞ்சின் ஒரே சுருதியில் பாடுகிறது. கைக்கும் காலுக்கும் வேலை குறைகிறது. அதுவரை அடக்கி வைத்த அசதி எல்லாம் அப்போது தலை தூக்குகிறது.

வளைவில் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். நேர்ச்சாலை வந்ததும் நாமும் தூங்கிவிடுகிறோம். டிரைவருடன் பேசுவதற்குக்கூட ஆள் இல்லை!

நாலே வினாடி

"நான் தூங்கவே இல்லை. கொஞ்சம் கண்ணை மூடினேன், அவ்வளவுதான்" என்று சிலர் சொல்வார்கள். பொய் சொல்லவில்லை. அவர்களுக்கே தெரியாது!

உடம்பு மிகவும் களைத்துப் போனால், மூளை நம்மைக் கேட்காமலே சில வினாடிகள் தூங்கிவிடும். சில சமயம் கண் திறந்தபடியே இருக்கும். ஆனால் பார்வை இருக்காது. இதைக் 'குட்டித் தூக்கம்' என்று சொல்லலாம்.

பிள்ளைகளிடம் ஒரு கணக்குப் போடச் சொல்லுங்கள். மணிக்கு 60 கிலோ மீட்டர் வேகத்தில் போகிற வண்டி, ஒரு வினாடியில் 16 மீட்டருக்கு மேல் ஓடும். நாலு வினாடியில் சுமார் 66 மீட்டர். ஐந்தாறு பஸ்களை வரிசையாக நிறுத்தி வைத்த நீளம்! அவ்வளவு தூரமும் வண்டியை ஓட்ட ஆள் இல்லை.

தூங்குகிறவர் பிரேக் போட மாட்டார். வந்த வேகத்திலேயே போய் மோதுவார். தூக்கத்தால் வரும் விபத்துகள் கோரமாக இருப்பதற்கு இது ஒரு முக்கிய காரணம்.

குடிக்காமலே போதை

1997-ம் ஆண்டில் ஆஸ்திரேலியாவில் ஓர் ஆராய்ச்சி செய்தார்கள். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருந்தவர்களின் நிதானத்தையும், மது குடித்தவர்களின் நிதானத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். விழித்திருந்தவர்கள், 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லி கிராம் சாராயச் சத்து ஏறியவர்களைப் போலத் தடுமாறினார்களாம். நம் நாட்டுச் சட்டப்படி 30 மில்லி கிராமுக்கு மேல் போனாலே வண்டி ஓட்டக் கூடாது!

காலை 5 மணிக்கு எழுந்தவருக்கு, இரவு 10 மணிக்கு 17 மணி நேரம் ஆகிவிடும். அவர் ஒரு சொட்டுக் குடிக்காத உத்தமராக இருக்கலாம். போலீசார் ஊதச் சொன்னாலும் கருவி ஒன்றும் காட்டாது.

பின்னிரவு 2 மணி முதல் விடியும் வரை இன்னும் மோசம். அது உடம்பு தானாகவே உறக்கத்தைத் தேடும் நேரம். பிற்பகலிலும் ஒரு மந்தம் வரும். "சாப்பாட்டு மயக்கம்" என்கிறோமே, அது சோற்றினால் மட்டும் வருவதில்லை. உடம்புக்குள் இருக்கும் கடிகாரமும் காரணம்.

கிரிக்கெட் வீரர் ரிஷப் பண்ட்டை நினைவு இருக்கிறதா? 2022 டிசம்பர் 30-ந்தேதி விடியற்காலை, டெல்லியில் இருந்து தனியாகக் கார் ஓட்டிச் சென்றார். ரூர்க்கி அருகே சாலை நடுச் சுவரில் மோதி, கார் தீப்பிடித்து எரிந்தது. கண் அயர்ந்துவிட்டதாக அவர் கூறினார் என்று உத்தரகாண்ட் போலீசார் அன்று தெரிவித்தார்கள். அந்த வழியாக வந்த அரியானா அரசு பஸ்சின் டிரைவரும் கண்டக்டரும் ஓடி வந்து காப்பாற்றினார்கள். அவர் மறுபடி மைதானத்தில் இறங்க 2024 மார்ச் ஆகிவிட்டது. 25 வயது இளைஞர். விளையாட்டு வீரரின் உடம்பு. தூக்கம் அதையெல்லாம் பார்ப்பதில்லை.

டிரைவர் எங்கே படுத்தார்?

மோட்டார் தொழிலாளர்களுக்காக 1961-ல் பாராளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. சாதாரணமாக நாள் ஒன்றுக்கு 8 மணி நேர வேலை. 5 மணி நேரத்துக்குள் அரை மணி ஓய்வு. ஒரு நாள் வேலை முடிந்து மறுநாள் தொடங்குவதற்குள் 9 மணி நேர இடைவெளி என்று அது வகுத்தது. சொந்தக் கார் ஓட்டுகிற அப்பாவுக்கு எந்தச் சட்டமும் இல்லை. திங்கட்கிழமை ஆபீசுக்குப் போக வேண்டும் என்பதுதான் அவருடைய சட்டம்!

வாடகை வண்டி டிரைவரின் பாடு வேறு. குடும்பம் ஏற்காட்டில் அறை எடுத்துக் கம்பளி போர்த்திப் படுக்கும். அவர் வண்டிக்குள் முழங்காலை மடக்கிப் படுப்பார். கண்ணாடியைத் திறந்தால் குளிர், மூடினால் புழுக்கம். மறுநாள் நம் உயிர் அவர் கையில்!

இதற்கு அரசாங்கமே ஒரு வழி செய்தது. 2023-ல் தமிழ்நாடு அரசு கட்டட விதிகளைத் திருத்தியது. ஓட்டல், லாட்ஜுகளில் தங்க வருகிறவர்களின் டிரைவர்களுக்கும் படுக்கையும் கழிப்பறையும் அளிக்க வேண்டும் என்றது. அறைக்குப் பணம் கட்டுமுன், "டிரைவருக்குப் படுக்க இடம் எங்கே?" என்று ஒரு வார்த்தை கேட்பதற்குச் செலவு இல்லை.

"தம்பி, தூக்கம் வருதா?" என்று டிரைவரைக் கேட்டால், "இல்லீங்கம்மா" என்றுதான் சொல்வார். வருகிறது என்றால் அடுத்த சவாரிக்குக் கூப்பிட மாட்டார்களே! ஆகவே அப்படிக் கேட்காதீர்கள். "ராத்திரி எத்தனை மணி நேரம் தூங்கினீங்க?" என்று கேளுங்கள். அவர் அடிக்கடி கொட்டாவி விடுகிறாரா? வண்டி கோட்டை விட்டு விலகி விலகிப் போகிறதா? தாண்டி வந்த ஊர் எது என்று அவருக்கு நினைவு இல்லையா? வண்டியை ஓரம் கட்டச் சொல்லுங்கள்.

முகம் கழுவினால் போதும் என்பார்கள். பாட்டுப் போடுவார்கள். கண்ணாடியை இறக்குவார்கள். இவையெல்லாம் சில நிமிடங்களுக்குத்தான். காபி நல்லதுதான், ஆனால் அது வேலை செய்ய அரை மணி நேரம் போல ஆகும். அதனால் நிபுணர்கள் ஒரு யுக்தி சொல்கிறார்கள். முதலில் காபி குடித்துவிட வேண்டும். உடனே வண்டியை நிறுத்திய இடத்திலேயே 15, 20 நிமிடம் தூங்க வேண்டும். விழிக்கிற நேரத்துக்குக் காபியும் வேலையைத் தொடங்கிவிடும். மிச்சம் இருக்கும் தூரம் அதிகம் என்றால் இதுவும் போதாது. சேலத்தில் ஓர் இரவு தங்கிவிடுவதே மேல்.

விழித்ததும் சாவியைத் திருகக் கூடாது. சில நிமிடம் மந்தமாகத்தான் இருக்கும். கீழே இறங்கி, வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி, நாலு டயரையும் தட்டிப் பார்த்துவிட்டு ஏறட்டும். அதுவரை பிள்ளைகள் குப்பனூரில் நின்று, இறங்கி வந்த மலையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கலாம்.