விதை நெல்லுக்கு எடை மட்டும் பார்த்தால் போதுமா?



ஜூன் 12-ல் மேட்டூர் திறக்குமா என்று பேச ஆரம்பித்தாலே நம் குழுக் கூட்டங்களில் விதை நெல் பேச்சும் வந்துவிடும். போன குறுவைக்கு நம் உறுப்பினர் ஒருவர் குழுவில் உள்கடன் எடுத்து விதை நெல் வாங்கினார். மூட்டை எடை சரியாகத்தான் இருந்தது. ஆனால் நாற்றங்காலில் பாதி இடம் சொட்டை. நாற்று பத்தாமல் பக்கத்து ஊரில் விலை கொடுத்து வாங்கி நட்டார். "கிலோ குறையலையே, அப்புறம் எப்படி நான் ஏமாந்தேன்?" என்று கூட்டத்தில் கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் இதை எழுதுகிறோம்.

மரக்காலும் தராசும்

நம் மாமியார், பாட்டி காலத்தில் கலம், மரக்கால் கணக்கு. 12 மரக்கால் ஒரு கலம். மரக்கால் பார்ப்பது நெல் அடைக்கிற இடத்தை மட்டும்தான். பதர் கலந்திருந்தாலும் மரக்கால் நிறைந்துவிடும். இப்போது எல்லாம் கிலோ கணக்கு. தராசு பார்ப்பது எடையை மட்டும். நெல் ஈரமாக இருந்தால் அந்தத் தண்ணீரையும் சேர்த்தே எடை காட்டும்.

அதனால் ஒன்றை மட்டும் வைத்துத் தரம் சொல்ல முடியாது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இவ்வளவு இடத்துக்குள் எவ்வளவு எடை இருக்கிறது? இதற்குப் பெயர்தான் அடர்த்தி.

கணக்கு ரொம்ப சுலபம்

எடையை இடத்தால் வகுக்க வேண்டும், அவ்வளவுதான். நம் பிள்ளைகளின் அறிவியல் புத்தகத்தில் எடையை நிறை என்றும், இடத்தைப் பருமன் அல்லது கன அளவு என்றும் போட்டிருப்பார்கள்.

சதுரமான பெட்டி என்றால் நீளம், அகலம், உயரம் பெருக்கி இடத்தைக் கண்டுபிடிக்கலாம். கோணல்மாணலான கல்லுக்கு என்ன செய்வது? தண்ணீரிடம் கேட்க வேண்டும். மில்லி கோடு போட்ட ஒரு லிட்டர் அளவுக் குவளையில் 500 மில்லி தண்ணீர் ஊற்றுங்கள். 540 கிராம் உள்ள கருங்கல் துண்டை மெதுவாக உள்ளே விடுங்கள். தண்ணீர் 700-க்கு ஏறினால், கல் பிடித்த இடம் 200 மில்லி. 540-ஐ 200-ஆல் வகுத்தால் 2.7. இதுதான் அந்தக் கல்லின் அடர்த்தி.

தண்ணீரின் அடர்த்தி 1. ஒரு மில்லி தண்ணீர் ஒரு கிராம். 1-க்கு மேல் இருக்கும் பொருள் தண்ணீரில் மூழ்கும், குறைந்தது மிதக்கும்.

நெல்லுக்கு வருவோம்

ஒரு லிட்டர் படியில் காய்ந்த நெல்லைத் தலை வழித்து எடை போட்டால் 600 கிராம் அளவில்தான் நிற்கும். அப்படியென்றால் அடர்த்தி 0.6. பிறகு எப்படி நல்ல நெல் தண்ணீரில் மூழ்குகிறது? படியில் நெல்லுக்கும் நெல்லுக்கும் நடுவே காற்று இருக்கிறது. அந்தக் காலி இடத்தையும் சேர்த்து அளந்துவிட்டோம்.

இப்போது நன்றாகப் புடைத்த நெல் 300 கிராம் எடுத்து, 500 மில்லி தண்ணீரில் கொட்டிக் கிளறுங்கள். காற்றுக் குமிழி வெளியேறும். நெல் ஊறுவதற்குள் அளவைப் பாருங்கள். உதாரணத்துக்கு 760-க்கு ஏறினால், நெல் பிடித்த இடம் 260 மில்லி. 300-ஐ 260-ஆல் வகுத்தால் 1.15. இதுதான் நெல்மணியின் அடர்த்தி.

ஆனால் இது மொத்தத்துக்கும் சேர்த்த சராசரி. திரண்ட மணியும் அரைவயிற்று மணியும் இதில் கலந்தே இருக்கும். ஒவ்வொரு மணியாக யார் எடை போடுவது? அந்த வேலையைத்தான் உப்புத் தண்ணீர் செய்கிறது.

முட்டை சொல்லும் அளவு

10 லிட்டர் தண்ணீரின் எடை 10 கிலோ. அதில் ஒன்றரை கிலோ உப்பைக் கரைத்தால் எடை 11.5 கிலோ. இடமோ சுமார் பத்தரை லிட்டர்தான் ஆகும். வகுத்துப் பாருங்கள், கிட்டத்தட்ட 1.1 வரும். இதைவிட லேசான மணி மேலே வந்துவிடும், கனமான மணி அடியில் தங்கிவிடும்.

தராசு இல்லாவிட்டாலும் பரவாயில்லை. ஒரு புது முட்டை போதும். சாதாத் தண்ணீரில் அது அடியில் கிடக்கும். மிதந்தால் பழைய முட்டை, வேண்டாம். உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கரைத்து வாருங்கள். முட்டை மேலே வந்து, பழைய நாலணாக் காசு அளவுக்குத் தலை காட்டும்போது உப்பை நிறுத்துங்கள். 25 பைசா 2011-லேயே செல்லாமல் போய்விட்டது. இப்போதைய ஒரு ரூபாயைவிடச் சற்றுச் சிறியது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முட்டையை எடுத்துவிட்டு நெல்லைச் சிறுகச் சிறுகப் போட்டுக் கிளறுங்கள். மிதப்பதை அரித்து எடுத்துவிடுங்கள். மூழ்கியதை உடனே நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று தரம் அலசுங்கள். உப்பு தங்கினால் முளைப்பு கெடும். அந்த உப்புத் தண்ணீரை வயலில் ஊற்ற வேண்டாம்.

மூழ்கிய மணிக்கு என்ன பெருமை? நாற்று மூன்றாவது இலை விடும் வரைக்கும் பெரும்பாலும் மணிக்குள் இருக்கிற மாவைத் தின்றுதான் வளர்கிறது. பால் பிடிக்காத மணி முளைத்தாலும் நோஞ்சான் நாற்றுதான். 2010-ல் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டில், ஒற்றை நாற்று நடவுக்கு 'ராஜராஜன் 1000' என்று பெயர் வைத்தார்கள். அந்த முறையில் ஏக்கருக்கு 3 கிலோ விதைதான். சாதாரண நடவில் குறுகிய கால ரகத்துக்கு ஏக்கருக்குச் சுமார் 24 கிலோ போகிறது. குத்துக்கு ஒரே நாற்று என்றால், ஒரு சோப்ளாங்கி நாற்றுக்கும் அங்கே இடமில்லை.

கவனிக்க வேண்டியவை

1. மருந்து கலந்த, சாயம் பூசிய விதையை உப்புத் தண்ணீரில் போடாதீர்கள், மருந்து கழுவிப் போகும். அந்த விதையைக் கோழிக்கோ மாட்டுக்கோ கொடுக்கவே கூடாது.

2. சூடோமோனாஸ் நேர்த்தி செய்வதானால் உப்பு போக அலசிய பிறகு செய்யுங்கள். கிலோ விதைக்கு 10 கிராம்.

3. அடர்த்தி உயிரைக் காட்டாது. இதுதான் முக்கியம். மணி திரண்டிருக்கும், ஆனால் பழசாகி உயிர் போயிருக்கும். அதுவும் மூழ்கத்தான் செய்யும். அதனால் 100 மணியை எண்ணி ஈரத் துணியில் சுற்றி வைத்து, முளைத்ததை எண்ணுங்கள். சான்று விதைக்கு 80 சதவீதமாவது முளைக்க வேண்டும் என்பது விதி.

நம் சகோதரியின் மூட்டையில் மிச்சமிருந்த விதையை இந்த இரண்டு விதத்திலும் சோதித்துப் பார்த்தோம். ஒரு பங்கு உப்புத் தண்ணீரில் மிதந்தது. மூழ்கியதிலும் சரிபாதிதான் முளைத்தது. தராசு பொய் சொல்லவில்லை. நாம்தான் தராசிடம் மட்டும் கேட்டுவிட்டு வந்துவிட்டோம்.

இந்தக் குறுவைக்கு முன்னால் ஒவ்வொரு குழுவும் ஒரு கூட்டத்தில் இதைச் செய்து பாருங்கள். ஒரு வாளி, ஒரு முட்டை, ஒன்றரை கிலோ உப்பு போதும். உள்கடன் கேட்கிறவரிடம் "விதையைச் சோதித்தாச்சா?" என்று ஒரு வார்த்தை கேட்டு, தீர்மான நோட்டில் எழுதிவிடுங்கள். உங்கள் ஊரில் எவ்வளவு மிதந்தது, எவ்வளவு முளைத்தது என்று எங்களுக்கும் எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் எல்லோரும் தெரிந்துகொள்வோம்.